ஏரிப்பட்டியும் ஆய்வு நல்கையும்: இளம் அறிவியலாளர்க்கான நிதியுதவி குறித்த ஒரு கருத்துரை

முன்னுரை

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பயில்வோர் ‘ஏரிப்பட்டி’ என்னும் சொல்லை நன்கு அறிவர். ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஆகும் செலவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. அந்நிலத்தின் விளைவு ஆண்டுதோறும் ஏரிப் பணிக்குச் சேர்ந்தது. கொடையாளி மறைந்த பின்னரும் கொடை நின்றது. ஏரி உள்ளவரை அதற்குரிய செலவும் உண்டு என்பதை உணர்ந்தோர் வகுத்த ஏற்பாடு அது. இத்தகைய கொடைகளின் செய்தி அவ்வவ்வூர்க் கோயிற்சுவரில், பெரும்பாலும் தமிழிலேயே, வெட்டிவைக்கப்பட்டது.

இயற்கை வளங்களின் வளங்குன்றாப் பயன்பாடு குறித்து ஆராயும் இளம் அறிவியலாளர்க்கு இன்று வழங்கப்படும் நிதியுதவியை இப்பழைய ஏற்பாட்டின் அருகே வைத்து நோக்கினால் இரண்டு குறைகள் புலப்படும். நல்கையின் காலம் வளத்தின் காலத்தோடு பொருந்தவில்லை என்பது ஒன்று. நல்கையால் விளையும் அறிவு, அவ்வளத்தைச் சார்ந்து வாழ்வோரின் மொழிக்குத் திரும்பி வருவதில்லை என்பது மற்றொன்று. தொகையை உயர்த்துவதால் மட்டும் இவை நீங்கிவிடா. இளம் ஆய்வாளர்க்கான நல்கையில் ஒரு பகுதியேனும் ஓர் ஊரின் வளத்தோடு பிணைக்கப்பட வேண்டும். சிறு தொகையாயினும் நீண்ட காலத்துக்கு வழங்கப்பட வேண்டும். அதன் முடிவுகள் தமிழில் அவ்வூரார்முன் வைக்கப்பட வேண்டும். இக்கருத்தைச் சேலம் மாநகரின் அம்மாபேட்டையையும் அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை முன்வைக்கிறது.

அம்மாபேட்டை: நீரும் தொழிலும்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று அம்மாபேட்டை. நகரின் கிழக்கே குமரகிரிக் குன்றும் அதனை ஒட்டிய குமரகிரி ஏரியும் இப்பகுதியின் அடையாளங்கள். சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரினூடே ஓடி, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. நகரம் ஆற்றில் விடுவதை நாமக்கல் உழவர் தம் வயலில் ஏற்கின்றனர். கழிவுநீரும் சாயநீரும் கலந்த திருமணிமுத்தாறு பற்றிய முறையீடுகள் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து வருபவை.

அம்மாபேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நெசவுக்குத் தறியும் நூலும் போதா. நூலுக்குச் சாயமேற்ற நீர் வேண்டும். சாயமேற்றிய நூலை அலசவும் நீர் வேண்டும். பருத்தி நூற்பாவு அறாமல் நிற்கக் கஞ்சி வேண்டும். நெசவுத் தொழில் கஞ்சிக்குப் பயன்படுத்தும் மாவுகளுள் மரவள்ளி மாவும் ஒன்று. இம்மரவள்ளியைச் சேலம், நாமக்கல் வட்டார மக்கள் குச்சிக்கிழங்கு என்பர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வட்டாரத்தில் வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில் இக்கிழங்கை நம்பியது. இத்தொழிலுக்கென 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு ஏற்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜவ்வரிசி ஆலையும் நீரால் இயங்குவதே. கிழங்கைக் கழுவுவதற்கும், அரைத்த கூழிலிருந்து மாவைப் பிரிப்பதற்கும் மிகுதியான நீர் செலவாகிறது. வெளியேறும் நீர் புளிப்புத் தன்மையும் கரிமப் பொருளும் மிக்கது. கிழங்கில் இயல்பாகவே அமைந்த, சயனைடு தரும் வேதிப்பொருளின் எச்சமும் அதில் உண்டு. அந்நீரைத் திறந்த வெளியில் விட்டால் நாற்றமும் நிலத்தடி நீர்க் கேடும் விளையும். மூடிய கலன்களில், காற்றில்லா நிலையில் நொதிக்கவிட்டால் மீத்தேன் மிக்க எரிவாயு கிடைக்கும். மாவு பிரிந்தபின் எஞ்சும் சக்கை ‘திப்பி’ என்னும் பெயரில் மாட்டுத் தீவனமாகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் கழிவாகவும் வேறோரிடத்தில் வளமாகவும் அமைவதை இங்குக் காணலாம். வளங்குன்றாப் பயன்பாடு என்பது இவ்வேறுபாட்டைக் கண்டறிந்து நடைமுறைப்படுத்துவதே ஆகும்.

ஏரி, ஆறு, கிணறு, கிழங்கு, மாவு, நூல், சாயம் ஆகியன தனித்தனித் துறைகளின் பொருள்களாகப் பாடநூலில் இருக்கலாம். அம்மாபேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவை ஒரே நீர்ச்சுழற்சியின் கண்ணிகள். மழைக்குப் பின் ஏரிநீர் எவ்வாறு மாறுகிறது, கோடையில் கிணற்றுநீரின் உப்புத்தன்மை எவ்வளவு கூடுகிறது, ஆற்றுநீர் பாயும் வயலில் மண் எவ்வாறு திரிகிறது என்பன எளிய வினாக்களே. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் அளந்தாலன்றி அவற்றுக்கு விடை கிடையாது. இதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இருக்கக்கூடியவையே. அங்கிருந்து விலகாமல் அளந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வாளரும், அவரை நிறுத்தி வைக்கும் நிதியுமே அரியவை.

நல்கையின் காலமும் வளத்தின் காலமும்

இளம் அறிவியலாளர்க்கு நிதி இல்லை என்று கூறிவிட இயலாது. ‘இன்ஸ்பயர்’ திட்டம் 2008இல் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் நல்கை ஐந்தாண்டுக்கு உரியது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது அதற்கு வகுக்கப்பட்ட மதிப்பீடு. அதில் பெரும்பகுதி அரசு அல்லாத மூலங்களிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவ்வறக்கட்டளையின்கீழ்த் தொடக்கநிலை ஆய்வாளர்க்கென மூன்றாண்டு நல்கை அறிவிக்கப்பட்டுள்ளது. நிலையான பணி பெறாத முனைவர்களுக்கு இரண்டாண்டு முதுமுனைவர் நல்கை உண்டு. தகுதித் தேர்வில் வென்று முனைவர் பட்ட ஆய்வில் சேரும் இளநிலை ஆய்வாளர்க்கான மாத உதவித்தொகை 2023 சனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவாகும் பங்கு 2020-21 கணக்கின்படி 0.64 விழுக்காடே. இச்சிறு பங்கு எவ்வாறு பகிரப்படுகிறது என்பது அதனால் மேலும் இன்றியமையாததாகிறது.

இரண்டாண்டு, மூன்றாண்டு என்னும் கால அளவு ஆய்வுக்கூடத்தில் முடியும் சோதனைக்குப் பொருந்தலாம். ஏரிக்கும் ஆற்றுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2015இல் வடகிழக்குப் பருவமழை பெருவெள்ளத்தைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டே அம்மழை இயல்பினும் 62 விழுக்காடு குறைந்து கடும் வறட்சி நேர்ந்தது. ஒருவரது ஆய்வு வெள்ள ஆண்டிலும் மற்றொருவரது ஆய்வு வறட்சி ஆண்டிலும் தொடங்கியிருப்பின், ஒரே ஏரியைப் பற்றி இருவரும் வேறுவேறு முடிவுகளைக் கூறியிருப்பர். இருவர் அளவீடும் பிழையற்றதாக இருந்திருக்கும். ஏரியின் இயல்பு மட்டும் அறியப்படாமலே இருந்திருக்கும். மூன்றாண்டின் முதற்பகுதி கருவி வாங்குவதிலும் உதவியாளரை அமர்த்துவதிலும் கழியும் என்பதையும் கருத வேண்டும். இறுதிப்பகுதி அறிக்கை எழுதுவதிலும் அடுத்த நல்கைக்கு விண்ணப்பிப்பதிலும் கழியும். இடையில் ஒன்றிரண்டு பருவங்களே அளவீட்டுக்கு எஞ்சும்.

நல்கை யாரைச் சென்றடைகிறது என்பதும் ஆராயத்தக்கது. தொடக்கநிலை ஆய்வாளர்க்கான தேசிய நல்கைக்கு விண்ணப்பிப்போர் நிலையான பணியில் இருத்தல் வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளின் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டம் பெற்ற பலர் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகள் பலவற்றைக் கழிக்கின்றனர். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் பல அதனோடு இணைந்தவை. இக்கல்லூரிகள் ஏரிகளுக்கும் ஆலைகளுக்கும் தறிகளுக்கும் அருகில் உள்ளன. இங்குப் பணியாற்றுவோரே அவ்வளங்களை நாள்தோறும் காண்கின்றனர். அவர்களுள் நிலையான பணி பெறாதோர், பணியின் நிலையின்மை காரணமாகவே, நிலையான ஆய்வைத் தொடங்கும் தகுதியையும் இழக்கின்றனர்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் 1972இல் நிறுவப்பட்ட பன்னாட்டு அறிவியல் அறக்கட்டளை, வளரும் நாடுகளின் இளம் அறிவியலாளர்க்கு அவரவர் நாட்டிலேயே உயிரியல் வளங்களையும் நீர்வளங்களையும் ஆராயச் சிறு நல்கை வழங்கியது. நீண்ட காலம் அதன் உச்ச அளவு 12,000 அமெரிக்க டாலர். பெரிய நிறுவனங்களின் கணக்கில் இது மிகச் சிறிய தொகை. ஆயினும் ஓர் ஆய்வாளர் தம் நாட்டை விட்டு அகலாமல் முதல் ஆய்வை முடிக்க அது துணைநின்றது. சிறு தொகையும் தொடக்கத்திலேயே, உரிய இடத்தில் வழங்கப்படின் பயன் தரும் என்பதற்கு அது சான்று.

நாற்பது ஆண்டுக்குப் பின் கிடைத்த பயன்

நல்கையின் பயன் அதன் காலத்துக்குள்ளேயே வெளிப்பட வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சேலத்து மரவள்ளி வயலே காட்டுகிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் அது சேலம், நாமக்கல் மாவட்ட வயல்களிலும் பரவி உழவர்க்குப் பேரிழப்பை விளைவித்தது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, கோடிக்கணக்கான மக்களின் உணவாகிய மரவள்ளியை அழித்தது. நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1979இல் சேர்ந்த சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரன் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். மருந்து தெளிப்பதை விடுத்து, பூச்சியின் தாயகத்தில் அதன் இயற்கைப் பகையைத் தேடும் வழியை அவர் தேர்ந்தார். 1981இல் பராகுவேயில் மாவுப்பூச்சியும் அதனை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தன. அக்குளவி ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் விடப்பட்டு மரவள்ளியைக் காத்தது. ஹெரனுக்கு 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் பூச்சி பரவியபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே குளவியை அவ்வாப்பிரிக்க நிறுவனத்தின் பெனின் நாட்டு நிலையத்திலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. முப்பதுகளில் இருந்த ஓர் அறிவியலாளரை நம்பி ஒரு நிறுவனம் ஒதுக்கிய நிதி, நாற்பது ஆண்டு கழித்து, கடல் கடந்து, சேலத்து உழவரின் வயலில் பயன் தந்திருக்கிறது. எந்த மூன்றாண்டு அறிக்கையும் இப்பயனை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க இயலாது.

இந்நிகழ்வில் மற்றுமொரு செய்தியும் அடங்கியுள்ளது. குளவியை விட்டால் மட்டும் பணி முடிந்துவிடாது. வயலில் கடும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்படின் மாவுப்பூச்சியோடு குளவியும் மடியும். தெளிக்காமல் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும், ஏன் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் உழவர் உணர்ந்தாலன்றிக் குளவி நிலைபெறாது. இதனை அவர் மொழியில், அவருக்குப் பழகிய சொற்களில் கூறுவது ஆய்வு முடிந்தபின் செய்யும் விளம்பரப் பணி அன்று. அது ஆய்வு வெற்றிபெறுவதற்கான நிபந்தனை. வளங்குன்றாப் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வு அனைத்துக்கும் இது பொருந்தும். வளத்தைப் பயன்படுத்துவோர் அறியாத முடிவு, பயன்பாட்டை மாற்றாது.

மொழிக்குத் திரும்பாத அறிவு

இன்றைய நிலையில் விண்ணப்பம், மதிப்பீடு, ஆண்டறிக்கை, ஆய்வுக் கட்டுரை ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. உலகளாவிய அறிவியல் உரையாடலுக்கு அது தேவை. ஆனால் அதனோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பன்னாட்டு ஆய்விதழ்களை நாட்டின் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தும் படிக்க வழிசெய்யும் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் நடுவண் அரசு இசைவளித்தது. 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் அதற்கென ஒதுக்கப்பட்டது. கல்லூரி ஆசிரியர்க்கு இது பெரும் வாயில். அம்மாபேட்டைச் சாயப்பட்டறைத் தொழிலாளிக்கும், திருமணிமுத்தாற்றங்கரை உழவர்க்கும் அவ்வாயிலால் பயன் இல்லை. அவர்தம் நீரைப் பற்றிய அளவீடு உலகின் எந்த மூலையிலும் படிக்கப்படலாம். அந்நீரைப் பயன்படுத்துவோரால் மட்டும் படிக்க முடியாது.

இதன் விளைவைக் கொங்குநாட்டின் நொய்யலாறு காட்டியிருக்கிறது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வேளாண்மை சீரழிந்த பின் தொழிலும் முடங்கியது. ஆற்றின் நிலையைப் பற்றிய அறிவு, ஊரார் கூடிப் பேசும் பொருளாகத் தொடக்கத்திலேயே அமையாமல் வழக்கின் சான்றாக மட்டும் அமையும்போது, தீர்வு காலங்கடந்தே வருகிறது. அதன் விலையை உழவரும் தொழிலாளரும் சேர்ந்து கொடுக்கின்றனர். சேலத்துக்கு அந்நிலை நேராதிருக்க வேண்டுமெனில், ஆண்டுதோறும் அளந்து ஆண்டுதோறும் ஊரார்க்குச் சொல்லும் ஏற்பாடு தேவை.

தமிழில் அறிவியல் கூறச் சொற்கள் இல்லை என்னும் தடையைச் சேலமே நூறாண்டுக்கு முன் எதிர்கொண்டது. அந்நகரில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் அவர்தம் நண்பர்களும் 1916இல் தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிவியல் களஞ்சியம் வரை அம்முயற்சி பல வடிவங்களில் தொடர்ந்தது. ஆயினும் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பாடநூலை நோக்கியே நடந்தது. தொழில்களத்துச் சொற்களை ஆய்வு நெறியோடு இணைக்கும் பணி போதிய அளவு நடைபெறவில்லை. ‘திப்பி’ என்பதற்கும் ‘குச்சிக்கிழங்கு’ என்பதற்கும் ஆய்வறிக்கையில் இடம் வேண்டும். மதகு, மடை, கலிங்கு ஆகியவற்றுக்கும், பாவு, ஊடை ஆகியவற்றுக்கும் அவ்வாறே. அப்போது அறிக்கை படிப்போர்க்கு உடனே விளங்கும். ஆய்வாளரும் தாம் காணாத நுட்பங்களைச் சொற்களின் வழியே காண்பார்.

தமிழ்த்துறைகளின் பங்கு இங்குதான் தொடங்குகிறது. முதற்பொருள், கருப்பொருள் என நிலத்தையும் அதன் உயிர்களையும் தொழிலையும் ஒருங்கே வகைப்படுத்திய இலக்கண மரபைக் கற்பிக்கும் துறைகள், நிலம் மாறிவருவதை அளக்கும் ஆய்வுகளிலிருந்து விலகி நிற்றல் பொருந்தாது. வட்டாரத் தொழிற்சொற்களைக் களத்தில் தொகுத்தல், தமிழில் எழுதப்படும் அறிவியல் அறிக்கைகளை மொழிநிலையில் மதிப்பிடுதல், ஏரிகளையும் கால்வாய்களையும் குறித்த கல்வெட்டுச் செய்திகளை அறிவியலாளர்க்கு வழங்குதல் ஆகிய மூன்றும் தமிழ் ஆய்வாளரே செய்யக்கூடியவை. இவற்றுக்கும் நல்கையில் பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். அறிவியல் பொதுமை நோக்கியது, ஊரோடு பிணைத்தால் அதன் தரம் தாழும் என்பது முதலாவது. மாவுப்பூச்சியின் வரலாறு இதற்கு விடை. பராகுவே, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர் ஆகிய ஒவ்வோரிடத்திலும் அவ்விடத்துப் பயிரையும் பூச்சியையும் அறிந்தோர் இருந்ததனாலேயே பொதுமையான அறிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல முடிந்தது. இடத்தை ஆழ்ந்து அறிதல் பொதுமைக்குப் பகையாகாது, அதற்கு அடிப்படையாகும்.

தமிழறிக்கை இளம் ஆய்வாளர்க்குக் கூடுதற் சுமையாகும் என்பது இரண்டாவது. இம்மறுப்பில் உண்மை உண்டு. பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளே பெரிதும் கணக்கிடப்படும்போது, தமிழில் எழுதும் நேரம் ஆய்வாளரின் வாழ்வையே பாதிக்கும் இழப்பாகிவிடும். எனவே தமிழறிக்கையைத் தன்னார்வத் தொண்டாகக் கேட்டல் முறையன்று. அது வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தப்பட வேண்டும். மதிப்பீட்டில் தேறிய அறிக்கை ஆய்வுக் கட்டுரைக்கு நிகராகக் கணக்கிடப்பட வேண்டும். அதற்கு ஆகும் காலமும் செலவும் நல்கையிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

பழைய ஏற்பாடுகளை முன்மாதிரியாகக் கொள்வது பழமை போற்றுதலாகிவிடும் என்பது மூன்றாவது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் கூறும் அதே வேளையில், வாரியத்தில் இடம்பெறச் சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என வரையறுக்கின்றன. ஏரிநீரால் வாழ்ந்தோருள் மிகப் பலர் அதன் ஆளுகைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அவ்வரையறைகள் மீண்டும் வேண்டுவன அல்ல. செலவு வளத்தோடு நிலைத்திருத்தல், அதன் செய்தி ஊரறிய வெளிப்படையாக இருத்தல் என்னும் இரண்டு நெறிகளே இன்று கொள்ளத்தக்கன. நிலையான பணி என்னும் இன்றைய தகுதி வரையறையும் ஒருவகை விலக்கலே என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

நல்கையின் வடிவம்

இக்கருத்தை நடைமுறைப்படுத்தப் புதிய அமைப்பு ஒன்று தேவையில்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984 முதல் உள்ளது. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும் மாவட்டந்தோறும் உள்ளன. மன்றம் நிதி வழங்க, பல்கலைக்கழகம் மதிப்பிட, அருகமைக் கல்லூரி ஆய்வை நடத்தலாம். ஓர் ஏரி, ஓர் ஆற்றுப்பகுதி, ஒரு மேய்ச்சல் நிலம் என வரையறுத்த ஒரு வளத்துக்குப் பத்தாண்டு நல்கை ஒதுக்கப்படலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டுத் தொடரலாம். முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளரும் விண்ணப்பிக்க இடமிருக்க வேண்டும்.

நல்கை வளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே இவ்வடிவத்தின் அடிப்படை. ஏரிப்பட்டி ஏரிக்கு உரியது. அதனைக் கவனித்தவர் மாறினும் நிலம் மாறவில்லை. அதுபோல, ஓர் ஆய்வாளர் வேறு பணிக்குச் சென்றால் அடுத்த இளம் ஆய்வாளர் அதே இடத்தில், அதே முறையில் அளவீட்டைத் தொடர்தல் வேண்டும். முன்னவர் தம் கட்டுரைகளையும் பயிற்சியையும் கொண்டு செல்வார். அளவீட்டு ஏடுகள் கல்லூரியில் நிற்கும். பத்தாண்டில் மூவர் நால்வர் பயிற்சி பெறுவர். ஏரிக்கோ இடைமுறியாத ஒரு வரலாறு கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அம்முடிவுகள் தமிழில் அச்சிடப்பட்டு, ஊரார் கூடும் இடத்தில் படிக்கப்பட்டு, வினாக்களுக்கு விடை கூறப்பட வேண்டும். அவ்வினாக்கள் அடுத்த ஆண்டின் ஆய்வில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

இளம் அறிவியலாளர்க்கு நிதி வழங்குவது அவர்தம் தனிவாழ்வுக்கு உதவுவது மட்டுமன்று. ஒரு வளத்தைத் தொடர்ந்து கவனிக்க ஒருவரை அமர்த்துவதும் ஆகும். இரண்டு நோக்கங்களும் ஒருங்கே நிறைவேற நல்கை நீண்டதாகவும் இடம்சார்ந்ததாகவும் ஊர்மொழியில் கணக்குக் காட்டுவதாகவும் அமைதல் வேண்டும். இன்றைய திட்டங்கள் முதல் நோக்கத்தை ஓரளவு நிறைவேற்றுகின்றன. இரண்டாவது நோக்கம் அவற்றில் இன்னும் இடம்பெறவில்லை.

குமரகிரி ஏரியின் நீர் பத்தாண்டில் எவ்வாறு மாறியது என்று அம்மாபேட்டை நெசவாளர் ஒருவர் கேட்டால், அருகிலுள்ள கல்லூரியின் அறிவியல் துறை தமிழில், எண்களோடு விடை கூற வேண்டும். அவ்விடையைக் கூறும் ஆற்றல் பெற்ற இளைஞர்கள் இவ்வட்டாரக் கல்லூரிகளில் இன்றே உள்ளனர். பத்தாண்டு அளவீட்டை முடிக்கும்வரை அவர்களை அங்கு நிறுத்திவைக்கும் ஏற்பாடே இனிச் செய்யப்பட வேண்டியது. அவ்விடையின் மொழி செம்மையுற அமைவதற்குத் தமிழ்த்துறைகள் பொறுப்பேற்க வேண்டும்.